மாறாத இருபத்திரண்டு டிகிரி

அனுப்புநர்:
நோயாளி எண் 4417-இன் தாய்,
தையல் தொழிலாளி.

பெறுநர்:
மருத்துவப் பதிவேட்டு அலுவலர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: மகளின் முதுகெலும்பு வளைவு பற்றிய தவறான பதிவையும் நோய்க் குறியீட்டையும் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகளுக்குப் பதினைந்து வயது. இரண்டாண்டுகளுக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயில் அவள் முதுகெலும்பு பக்கவாட்டில் இருபத்திரண்டு டிகிரி வளைந்திருந்தது. பிறகு ஆறு முறை வந்தோம். ஆறு முறையும் கோப்பில் ஒரே வரிதான்: "முன்போலவே, 22 டிகிரி."

2. சென்ற மாத எக்ஸ்ரேயில் ஐம்பத்து நான்கு டிகிரி. அந்த அறிக்கை உறையிலேயே கிடக்கிறது, கோப்பில் ஏறவில்லை. குறியீடும் "வகை, இடம் குறிப்பிடப்படாத வளைவு" என்றே உள்ளது. இவற்றைப் பார்த்த அறுவை சிகிச்சைக் குழு, மாற்றமில்லை என்று மறுத்துவிட்டது. குறியீடு இடும் ஊழியர் நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார்: "டாக்டர் எழுதுனதுக்குத்தாம்மா நான் நம்பர் போட முடியும். முதுகைப் பார்த்து நானா போட முடியும்?"

3. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வலது தோள் உயர உயர, இடது தோளில் பஞ்சு வைத்துத் தைத்தவள் நான்தான். பள்ளியில் யாரும் கேலி செய்யக்கூடாதே என்று செய்தேன். அந்த உடுப்பிலேயே மருத்துவரிடமும் அழைத்து வந்தேன். அவர் விலக்கிப் பார்க்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. என் கைவேலை அவ்வளவு சுத்தம், ஐயா. அதுதான் என்னைத் தின்கிறது. ஒவ்வொரு உடுப்புக்கும் எடுத்த அளவுகள் என் நோட்டில் தேதியோடு உள்ளன, நகல் இணைத்துள்ளேன்.

4. மறுப்புக் கடிதம் வந்ததிலிருந்து கோப்பில் இருக்கும் அந்த இருபத்திரண்டு டிகிரிப் பெண்ணும் எங்கள் வீட்டில் நடமாடுகிறாள். பதின்மூன்று வயது, ஏறக்குறைய நேரான தோள்கள். மகள் கண்ணாடி முன் தலை வாரும்போது பின்னால் அவள் நிற்கிறாள். நான் பேய் பிசாசை நம்புகிறவள் அல்ல. ஆனாலும் பயமாக இருக்கிறது. என் மகளுக்குரிய அறுவை சிகிச்சைக் கட்டிலை அவளைக் காட்டித்தானே மறுத்தார்கள்? கோப்பில் இருப்பவளுக்கு மூச்சு வாங்குவதில்லை. என் மகள் பத்துப் படி ஏறினால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கிறாள். "ஒண்ணுமில்லம்மா, நீ போ, வரேன்" என்கிறாள்.

5. எனவே, புதிய எக்ஸ்ரேயைக் கோப்பில் சேர்த்து, வளைவின் வகை, இடம், அளவு மூன்றையும் மருத்துவரைக் கொண்டு எழுதச் செய்து, குறியீட்டைத் திருத்திக் குழுவுக்கு மீண்டும் அனுப்புமாறு வேண்டுகிறேன். குழு மீண்டும் கூடுவதற்கு இன்னும் பன்னிரண்டு நாளே உள்ளது. யார் மீதும் நடவடிக்கை கேட்கவில்லை. எடுப்பதானால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாண்டாக எந்த மருத்துவரும் என் மகளின் முதுகைத் தொட்டுப் பார்க்கவில்லை. நாளை பத்து மணிக்கு அழைத்து வருகிறேன். அவளைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள், ஐயா.

இடம்: பதிவேட்டுப் பிரிவு வாசல் பெஞ்சு
நாள்: மறுப்புக் கடிதம் வந்த ஒன்பதாம் நாள்

இப்படிக்கு,
(கையொப்பம்)
4417-இன் தாய்