அசையாத படம்

மார்ச் 4, புதன்

காலையிலிருந்து மாலை வரை ஊரார் வயிறுதான் எனக்கு உலகம். ஸ்கேன் அறையில் உட்கார்ந்துவிட்டால் பகலா இரவா என்றே தெரியாது. வருகிறவர்களிடம் வழக்கமான கேள்விகள்: சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, குடிக்கிற பழக்கம் உண்டா? கடைசிக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்டு, அவர்கள் வாயைத் திறப்பதற்குள் “இல்லைதானே” என்று நானே முடித்துவிடுவேன். அவர்களும் சிரிப்பார்கள்.

எனக்கு ஏழாம் மாதம். கைப்பையில் பிளாஸ்க். அதில் இருப்பது டீ என்று நர்ஸ் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 6, வெள்ளி

அவர் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். “நான் இல்லாதப்போ அதைத் தொடாத, என்ன?” என்றார். “எனக்கென்ன பைத்தியமா?” என்றேன்.

கல்யாணமான புதிதில் சேர்ந்துதான் குடிப்போம். வண்டியில் ஏறினால் அவர் தொடமாட்டார். எனக்கு நிறுத்த வரவில்லை. பிள்ளை உண்டானால் தானாக விட்டுப்போகும் என்று நம்பினேன். கொஞ்சம்தானே, கொஞ்சம்தானே — யாருக்குச் சொல்கிறேன் இந்தச் சமாதானத்தை?

மார்ச் 10, செவ்வாய்

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் பிளாஸ்க்கைக் காலி செய்தேன். கதவைத் தாழிட்டு, நோயாளிகள் படுக்கும் கட்டிலில் நானே படுத்தேன். என் பிள்ளையை இப்படி நானே பார்ப்பது புதிதல்ல. ஜெல்லைத் தடவிக் கருவியை வயிற்றில் வைத்தேன்.

எதுவும் அசையாதது போலிருந்தது. படத்தை நிறுத்தும் பொத்தானில் கை பட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி அழுத்தினேன். அப்போதுதான் படம் நின்றது. அதுவரை துடித்துக்கொண்டிருந்த அந்தச் சின்ன இதயமும் படத்தோடு நின்றது. பதறிப்போய் மீண்டும் அழுத்தினேன். இதயம் துடித்தது. அது மட்டும்தான்.

இந்த மாதத்தில் பிள்ளை மூச்சுவிடப் பழகும். காற்றே இல்லாத இடத்தில் நெஞ்சு ஏறி இறங்கும். இடையிடையே நிற்கும், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். இடைவேளை முடிந்து யாரோ கதவைத் தட்டும் வரை அந்த அசைவுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

மார்ச் 11, புதன்

காலையிலிருந்து தொடவில்லை. கை நடுங்குகிறது. மதியம் பார்த்தேன் — ஏறுகிறது, இறங்குகிறது. அப்பாடா என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் குடித்தேன்.

மார்ச் 13, வெள்ளி

வேண்டுமென்றே குடித்துவிட்டுப் பார்த்தேன். நான் என்ன ஜென்மம்?

நெஞ்சு அசையவில்லை. கருவியை எங்கே நகர்த்தினாலும் முகம் என் பக்கமே இருப்பதாகப் பட்டது. வாயைத் திறந்தது. விழுங்கியது. தன்னைச் சுற்றி இருப்பதைத்தானே அது விழுங்கும்? அதில் நான் குடித்ததும் இருக்குமே!

அறைக்குள் மூச்சுச் சத்தம் கேட்டது. மெஷினுக்குள் ஓடும் விசிறி. விசிறிதான்டி, பயப்படாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். என் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். சத்தம் நின்றது.

மார்ச் 14, சனி

பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். சாயங்காலத்துக்குள் நிமிர்த்திவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

எனக்கு மாதாந்தரப் பரிசோதனை. நர்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர் லவுட்ஸ்பீக்கர். அவள் ரகசியம் பேசினால் வாசலில் இருக்கும் வாட்ச்மேன் பதில் சொல்வார். “சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல, முடிஞ்சுதுக்கா, எழுந்திரிங்க” என்றாள்.

“இன்னொரு கேள்வி இருக்கே.”

“அட, நம்ம ஆளுகிட்ட போய் அதைக் கேப்பாங்களா?”

“கேளு.”

சிரித்துக்கொண்டே கேட்டாள். “இல்லைதானே” என்றும் அவளே சேர்த்தாள், என்னைப் போலவே. நான் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். அவளிடம் அவ்வளவு மெல்லிய குரல் உண்டு என்று இன்றுதான் தெரிந்தது.

“எப்பலேருந்துக்கா?”

“எப்பவுமே.”

திட்டுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. “திடீர்னு நீயா நிறுத்தாத, உனக்கும் ஆபத்து. இங்கேயே தங்கு, நாங்க நிறுத்தறோம். இதுவரைக்கும் என்ன ஆச்சுன்னு எந்தப் படத்துலயும் தெரியாது. உனக்கே தெரியுமே.”

தெரியும்.

மார்ச் 22, ஞாயிறு

நான் இங்கே தங்கியிருப்பதைக் கேட்டு, அவர் பாதி வழியில் லாரியை வேறு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். கத்தவில்லை. வீட்டிலிருந்த பாட்டில்களைக் கொட்டிவிட்டாராம். “நானும் விட்டுட்டேன்” என்றார். இரண்டு பேரும் அழுதோம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

வேலைக்குத் திரும்பிவிட்டேன். இப்போதெல்லாம் எனக்கு லவுட்ஸ்பீக்கர்தான் ஸ்கேன் பார்க்கிறாள், நான் கற்றுக்கொடுத்தேன். நெஞ்சு ஏறுகிறது, இறங்குகிறது. மற்றதைப் பிள்ளை பிறந்து, வளர்ந்துதான் சொல்ல வேண்டும்.

மதியம் ஒரு பெண் வந்தாள், மாமியாரோடு. மாமியாரை வெளியே உட்காரச் சொன்னேன். கடைசிக் கேள்வியைக் கேட்டேன். வழக்கம்போல அவள் சிரித்தாள். நான் எதையும் சேர்க்கவில்லை. இருட்டில் எங்கள் மூச்சு மட்டும் கேட்டது. சிரிப்பு மெல்ல அடங்கியது.

“வெளிய சொல்லிடமாட்டீங்களே?” என்றாள், கதவைப் பார்த்தபடி.

நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.