ஜெஸிக்கு வாசித்துக் கொடுக்க

குளத்தூர்
ஜூலை 12

மரியாதைக்குரிய ஜெஸி அம்மாளுக்கு,

நான் பொன்னுதாஸ். ரப்பர் பால் வெட்டுகிற கிழவன். இது என் முதல் கடிதமாக்கும்! உங்கள் மகள் ஜீனாவும் அவள் கூட்டுக்காரி அஞ்சுவும் கல்லூரியிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறார்கள். நேற்று களியக்காவிளையில் மார்த்தாண்டம் பஸ்ஸின் பலகையை நானே வாசித்து ஏறினேன். கண்டக்டரிடம் சொன்னேன். "மொதல்ல டிக்கெட் எடும் பாட்டா" என்றான்.

உங்களுக்கும் எழுத்துத் தெரியாதாமே. ஓணம் லீவுக்கு வந்து சொல்லித்தருவதாக ஜீனா சொன்னாள். வரும்போது இதையும் அவளே வாசித்துத் தரட்டும். நல்ல பிள்ளையைப் பெற்றீர்கள்.

மெதுவாக எழுதுகிற,
பொன்னுதாஸ்

முகாம்
ஆகஸ்ட் 9

பாட்டாவுக்கு,

மலை இடிந்து எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகள் முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது. அம்மா இல்லை. விடுதியில் இருந்ததால் நான் தப்பினேன்.

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் முகாமில் என்னிடம் தந்தார். ஊராருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அம்மாவிடம் மட்டும் அடுத்த லீவு, அடுத்த லீவு என்றேன். இனி யாருக்கும் சொல்லித்தர மாட்டேன். கல்லூரிக்கும் வரமாட்டேன்.

ஜீனா

குளத்தூர்
ஆகஸ்ட் 17

மக்கா ஜீனா,

உன் கடிதம் கிடைத்தது. விடுதியில் உன் கட்டிலை அஞ்சு வேறு யாருக்கும் விடவில்லை. "போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கா பாட்டா, நீராவது எழுதும்" என்று என் முன்னால் இருந்து அழுதாள். அவளும் உங்கள் கல்லூரி டீச்சரும் உன்னைக் கூட்டிவர வருகிறார்கள். நீ பேச வேண்டாம். படிக்கவும் வேண்டாம். வந்து எங்களோடு சும்மா இரு. போதும்.

உன் பாட்டா

குளத்தூர்
செப்டம்பர் 21

மகளே ஜெஸி,

ஜீனா வந்துவிட்டாள். பாதிச் சோறு உண்கிறாள். மழை பெய்தால் அஞ்சு அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறாளாம். மனசு விட்டுப் பேசக் கல்லூரியில் ஒரு டாக்டரும் உண்டு. அவரிடம் போகிறாள், சில நாள் போகாமலும் இருக்கிறாள்.

எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பாள். சொல்லித்தருவதில்லை. நேற்றுத்தான் வாய் திறந்தாள்.

"பாட்டா, அம்மாவுக்கு இன்னொண்ணு எழுதுவீங்களா? நான் வாசிச்சுக் குடுக்கணும்."

அதனால் எழுதுகிறேன். உன் பிள்ளை உயிரோடு இருக்கிறாள் ஜெஸி. அவள்மேல் உனக்கு வருத்தம் இருக்காது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத்தான் தெரியவில்லை.

ஜீனா, இந்த இடத்தில் உனக்குக் குரல் வராது. நிறுத்தி, கண்ணைத் துடைத்துவிட்டு வாசி. எழுதும்போது நானும் இங்கேதான் நின்றேன். அம்மைக்கு அவசரமில்லை மக்கா.

பொன்னுதாஸ்