தேர் வடம் தொட்ட மாரிக்கண்ணுவின் கால் குறித்து

அனுப்புநர்
சு. பூதலிங்கம்,
கல்யாண வாடகைப் பாத்திரக் கடை,
பேட்டை, திருநெல்வேலி.

பெறுநர்
உயர்திரு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அவர்கள்,
சென்னை.

பொருள்: விபத்துக் காப்பீடு – என் கடைத் தொழிலாளி மாரிக்கண்ணுவின் கால்முறிவு – இழப்பீட்டை முடிக்காமல் விசாரணையிலேயே வைத்திருத்தல் – உத்தரவு வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. தேர் இழுத்ததற்கு விளக்கம் கேட்டு நிறுவனம் அனுப்பிய கடிதமும் புகைப்படமும். 2. பிரீமியத்தை உயர்த்தி அதே நிறுவனம் அனுப்பிய கடிதம். 3. எலும்பு மருத்துவரின் சான்று.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கல்யாண வீடுகளுக்கு அண்டா, குண்டா, கரண்டி வாடகைக்கு விடும் தொழில் செய்கிறேன். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. ஆகவே மனுவில் சட்டப் பிரிவுகள் இல்லாததைத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடந்தது மட்டும் இருக்கிறது.

2. என் கடையில் சாமான் ஏற்றி இறக்கும் ஆட்கள் எல்லோருக்கும் என் செலவில் விபத்துக் காப்பீடு எடுத்திருந்தேன். அடிபட்டால் மருத்துவச் செலவும், வேலைக்கு வர முடியாத காலத்துக்கு வாரம்தோறும் ஒரு தொகையும் உண்டு என்பது ஒப்பந்தம். "ஒரு போன் போட்டா போதும் அண்ணாச்சி, மத்ததக் கம்பெனி பாத்துக்கிடும்" என்று ஏஜெண்ட் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. கம்பெனி இன்றுவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

3. சென்ற ஆண்டு தை மாதம் முக்கூடலில் ஒரு கல்யாணத்துக்குச் சாமான் இறக்கும்போது, வண்டியில் கட்டியிருந்த கயிறு அறுந்து, சாதம் வடிக்கும் பெரிய அண்டாக்கள் மாரிக்கண்ணுவின் இடது காலில் விழுந்தன. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து, கம்பி வைத்து, வீட்டுக்கு அனுப்பினோம். அந்தச் செலவை நான் கொடுத்தேன். அடுத்த மாதமே நிறுவனத்துக்கு எல்லாத் தாள்களும் போய்விட்டன. பிறகு அதே தாள்களை மீண்டும் கேட்டார்கள், மீண்டும் அனுப்பினோம். எக்ஸ்ரே படத்தில் இருப்பது மாரிக்கண்ணுவின் கால்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். காலையே அனுப்ப வழியில்லாததால் மருத்துவரிடம் சான்று வாங்கி அனுப்பினோம்.

4. ஆனி மாதம் நிறுவனத்தின் விசாரணை அலுவலர் ஒருவர் வடக்கேயிருந்து வந்தார். அன்று நெல்லையப்பர் கோயில் தேரோட்டம். வந்தவருக்கு அது தெரியாது. எங்கள் ஊருக்குத் தேரன்று வந்தவரை ஒரு காப்பியோடு திருப்பி அனுப்பும் பழக்கம் எங்களிடம் இல்லை. "சார், தேரன்னைக்கு வந்துட்டு வடத்தத் தொடாமப் போவலாமா?" என்று நான்தான் அழைத்துப்போனேன். மாரிக்கண்ணுவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டோம். கால் சரியாக வேண்டும் என்று வடத்தைத் தொட்டுக் கும்பிட அவருக்கு ஒரு நேர்த்தி இருந்தது.

5. இழுக்க வலுவில்லாதவர்கள் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். முதியவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், காய்ச்சலில் எழுந்தவர்கள் எல்லோரும் செய்வார்கள். தேர் ஒரு மூலையில் நின்றிருந்தபோது மாரிக்கண்ணு ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்தார். அலுவலர் போனை எடுத்தார். "லே மாரிக்கண்ணு, சாரப் பாத்து நல்லாச் சிரிலே" என்று சொன்னதும் நான்தான். நன்றாகச் சிரித்தார். அலுவலரும் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு என் கடைக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, அல்வா பொட்டலத்தோடு ரயில் ஏறினார். எங்கள் உபசாரத்தில் அவருக்குக் குறை இருந்ததாக இன்றுவரை கடிதம் ஏதும் வரவில்லை.

6. வேறு கடிதம் வந்தது. நடக்கவே முடியாது என்று சொல்லப்படும் நபர் தேரை இழுத்தது எப்படி என்று அதில் விளக்கம் கேட்டிருந்தார்கள். மாரிக்கண்ணு சிரித்த படத்தை இணைத்திருந்தார்கள். அந்தப் படத்தைத் தாங்கள் பொறுமையாகப் பார்க்க வேண்டுகிறேன். இடது ஓரத்தில் மோதிரம் போட்ட ஒரு கை தெரியும், அதில் ஊன்றுகோலின் முனை தெரியும். கை என்னுடையது. மாரிக்கண்ணுவுக்கு முன்னால் நிற்பவர் திரும்பி நின்று மோர் குடிக்கிறார். தேர் இழுத்தவர்கள் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், வடம் நகரும்போது மோர் குடிக்க முடியாது. இதையெல்லாம் விளக்கமாக எழுதி அனுப்பினேன். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது.

7. நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கும் முறைப்படி எழுதினேன். "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்று பதில் அனுப்பினார்கள். நான் அனுப்பிய இணைப்புகளில் பொறுமை இல்லை. அது எப்படி அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை.

8. இந்த ஆண்டு மாசியில் பாலிசியைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. அந்த வேலை மட்டும் நிறுவனத்தில் வெகு சுறுசுறுப்பாக நடந்தது. சென்ற ஆண்டு உங்கள் ஆட்களில் ஒருவருக்குக் கால்முறிவு விபத்து நேர்ந்திருப்பதால் பிரீமியம் கூடுதலாகிறது என்று எழுதியிருந்தார்கள். ஐயா, பார்வையில் கண்ட முதல் இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டுகிறேன். பணம் கொடுக்க வேண்டிய அறையில் மாரிக்கண்ணு தேர் இழுக்கிறார். பணம் வாங்க வேண்டிய அறையில் அவருக்குக் கால் முறிந்திருக்கிறது. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தால் திறந்துவிடச் சொல்லுங்கள், அது போதும்.

9. என் தொழிலிலும் சேதம் உண்டு. கல்யாணம் முடிந்து பாத்திரம் திரும்பும்போது ஒடுக்கு விழுந்திருக்கும், மூடி காணாமல் போயிருக்கும். மண்டப வாசலிலேயே அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, பழைய ஒடுக்கு எது புது ஒடுக்கு எது என்று பேசி, மாப்பிள்ளை வீட்டார் வண்டி ஏறுமுன் முடித்துவிடுவோம். சண்டையும் வரும். ஆனால் அடுத்த கல்யாணத்துக்கு அதே வீட்டார் என் கடைக்குத்தான் வருவார்கள். ஓர் அண்டாவுக்குக் கிடைக்கும் தீர்ப்பு அதைத் தூக்கியவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

10. இனி எழுதுவதை எழுதக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. பங்குனியில் மருத்துவர் எக்ஸ்ரே பார்த்து, எலும்பு கூடவில்லை, கோணலாக நிற்கிறது, மறுபடி அறுவை செய்து எலும்பு ஒட்டு வைக்க வேண்டும் என்றார். மழைக்காலத்துக்குள் செய்யாவிட்டால் கால் குட்டையாகவே நின்றுவிடும், பாரம் தூக்கும் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

11. அந்தச் செலவையும் நானே தருகிறேன் என்றேன். இது பெருமைக்காக எழுதவில்லை. 'அப்படியானால் நீங்களே கொடுத்து முடித்திருக்கலாமே' என்று நிறுவனம் கேட்கும் என்பதால் எழுதுகிறேன். மாரிக்கண்ணு வாங்க மறுத்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணாச்சி, மொத ஆபரேசனுக்கு நீங்க குடுத்தப்ப எம்மேல ஒரு பேச்சும் இல்ல. இப்ப நான் பொய் சொல்லுதேன்னுல்லா எழுதியிருக்காவ. நீங்க குடுத்து நான் வாங்கிட்டேன்னா, அவன் நடிச்சான், மொதலாளி எரக்கப்பட்டாருன்னு பேட்ட பூரா பேசும். கால் கோணலாப் போனாப் போவுது." நான் ஏசிப் பார்த்தேன். அவர் மனைவி பேச்சித்தாய் அழுது பார்த்தார். பலனில்லை. நிறுவனம் அவருடைய சொல்லை ஒப்புக்கொண்டு எழுதிய தாள் கைக்கு வந்தால்தான் ஆஸ்பத்திரிப் படி ஏறுவேன் என்று உட்கார்ந்திருக்கிறார். நிறுவனத்துக்குப் பரிசீலனை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தாங்கும். அந்த எலும்புக்குத் தாங்காது.

12. எங்கள் தேர் மெதுவாகத்தான் போகும். மூலைக்கு மூலை நிற்கும், தடி போட்டு நெம்ப வேண்டும், முட்டுக்கட்டையை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். ஆனாலும் நிலைக்கு வந்து சேரும். மாரிக்கண்ணு வடம் தொட்ட அந்தத் தேர் நிலைக்கு வந்து, அடுத்த தேரோட்டமும் நெருங்கிவிட்டது. அவருடைய கோப்பு இன்னும் முதல் வீதியையே தாண்டவில்லை. தடி போடும் அதிகாரம் தங்களிடம் இருப்பதாகச் சொன்னார்கள், அதனால்தான் தங்களிடம் வந்திருக்கிறேன்.

13. ஆகவே, (அ) இழப்பீட்டை இனியும் தாமதிக்காமல் முடிக்கவும், (ஆ) மாரிக்கண்ணு சொன்னது உண்மை என்று நிறுவனம் ஒரு வரியில் எழுதித் தரவும் உத்தரவிட வேண்டுகிறேன். இரண்டில் ஒன்றுதான் முதலில் வரும் என்றால் அந்த ஒரு வரி முதலில் வரட்டும். பிரீமியத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம், அதில் எனக்கு அவசரமில்லை.

14. கடைசியாக ஒன்று. இந்த வருடமும் வடம் தொடப் போக வேண்டும் என்று மாரிக்கண்ணுவுக்கு ஆசை. "தேர்ப் பக்கம் தலவச்சுப் படுக்கக் கூடாது, கும்புடணும்னா வீட்டுல நின்னு கும்புடுங்க. எவனாது போட்டோ எடுத்துருவான்" என்று பேச்சித்தாய் தடுத்து வைத்திருக்கிறார். நிறுவனத்துக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் அந்த அலுவலரையே மறுபடி அனுப்பட்டும். காப்பியும் சாப்பாடும் சென்ற ஆண்டு போலவே உண்டு. ஊன்றுகோலை நான் பிடித்துக்கொள்கிறேன். படம் எடுக்கும் முன், மாரிக்கண்ணுவை வடத்திலிருந்து கையை எடுத்துவிட்டு நிற்கச் சொல்லட்டும். அன்று அவர் தேரை இழுக்கவில்லை ஐயா. கீழே விழாமல் இருக்க வடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) சு. பூதலிங்கம்

மேலே எழுதியதைப் படிக்கக் கேட்டேன், சரி:
(ஒப்பம்) மாரிக்கண்ணு

இடம்: பேட்டை, திருநெல்வேலி
நாள்: 05.06.2026