மாதம் தவறாமல் ஃபுல் சார்ஜ்

கோவில்பட்டி
கார்த்திகை 13

அன்பு மகள் செண்பகாவுக்கு அப்பா எழுதுவது. பூவனநாத சுவாமி, செண்பகவல்லி அம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நகோயாவில் குளிர் ஆரம்பித்திருக்கும், நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால் எங்களுக்கு அதுவே போதும். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, ஆனால் வைத்தியர் கொடுத்த மாத்திரையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள், நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீ ஒரு வார்த்தை சொல். நாகலாபுரத்தில் உன் வேலுத்தாய் அத்தை உளுந்து விதைத்தாள், முளைத்து நாலு இலை விட்டதும் மழை போன இடம் தெரியவில்லை, கரிசல் வெடிக்க ஆரம்பித்துவிட்டது, தினமும் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறாள். கடை நன்றாகவே போகிறது, கரண்ட் போய்ப் போய் வருவதால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஆள் வந்தபடி இருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லலாமே, அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை அம்மா. தைரியம் இல்லை என்றே வைத்துக்கொள். நீ தீபாவளி கழிந்து பேசும்போது, தை மாதம் பன்னிரண்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது, கோயம்புத்தூரில் ரிமோட் கார் ரேஸ் இருக்கிறது, பழைய காரையே ஓட்டப்போகிறேன் என்று சொன்னாய். என்னிடம், அப்பா பேட்டரி நாலும் நல்லாயிருக்கா, நாலு இருந்தா ரெண்டு நாளும் மாத்தி மாத்திப் போட்டு ஓட்டிருவேன் என்று கேட்டாய். நானும் கல்லு மாதிரி இருக்கு, நீ கிளம்பி வா என்று சொன்னேன். நீயும் என் வார்த்தையை நம்பி டிக்கெட் போட்டுவிட்டாய். செண்பகா, அன்றைக்கு நான் நீ கொடுத்துவிட்டுப் போன பேட்டரிப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள்தான் திறந்தேன். மூன்று பேட்டரி உப்பிப் போய்க் கிடக்கிறது. கறுப்புக் கூடு தையல் விட்ட மாதிரி ஓரமெல்லாம் விரிந்து நிற்கிறது, உன் காரில் வைத்துப் பார்த்தால் பேட்டரி உட்காருகிற பள்ளத்துக்குள் இறங்கவே மாட்டேன் என்கிறது. அடுத்த ஞாயிறு நீ மறுபடி கேட்டபோதும் நல்லாயிருக்கு என்றுதான் சொன்னேன். அது தெரிந்தே சொன்ன பொய்.

கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. கவனித்துத்தான் கெடுத்தேன். ஜப்பானுக்குக் கிளம்புகிற அன்று நீ அந்தப் பெட்டியை என் கையில் கொடுத்து, அப்பா இத நீங்கதான் பாத்துக்கிடணும், வேற யாருட்டயும் குடுக்கமாட்டேன் என்று சொன்னது எனக்கு எப்பேர்ப்பட்ட விஷயம் தெரியுமா? நீ காலேஜில் படிக்கும்போது முதல் பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்து காட்டினாய், நான் லாரிக்காரர்கள் முன்னால் வைத்து, இது பேட்டரியா பிஸ்கட் பாக்கெட்டா என்று கேட்டுச் சிரித்தேன். அதற்கப்புறம் நீ கடைப்படி ஏறவே இல்லை. அது என் மனசில் முள்ளாக இருந்தது, வாய் விட்டுச் சொல்லத்தான் தெரியவில்லை. அதனால் நீயாகவே பெட்டியைக் கொடுத்ததும், பிள்ளை மன்னித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்திரண்டு வருஷமாக ஆசிட் பேட்டரியோடு மல்லுக்கட்டுகிறவன் நான். அதைக் காலியாகப் போட்டால் பிளேட் செத்துவிடும், எந்நேரமும் ஃபுல்லாக வைத்திருக்க வேண்டும், இதை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். அதே மாதிரி மாசம் பிறந்தால் முதல் வேலையாக, நீ கொடுத்த அந்தக் குட்டி சார்ஜரில் மாட்டி, எட்டு புள்ளி நாலு வோல்ட் வருகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். வந்ததும் துடைத்து, ஆசிட் ஆவி படக்கூடாது என்று கடையில் உச்சித்தட்டில், தகரத்துக்குக் கீழே வைப்பேன். ஒரு மாசம் தவறவில்லை. லேசாகப் புடைத்ததைக்கூட ஃபுல்லாக ஏறினதால் என்றுதான் நினைத்தேன். அக்னி நட்சத்திர வெயிலில் அந்தத் தகரம் என்ன கொதி கொதிக்கும் என்று எனக்குத் தெரியும், அது மட்டும் ஏனோ உறைக்கவில்லை.

உப்பினதைப் பார்த்ததும் உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது, ஊசியால் ஒரு குத்து குத்தினால் அமுங்கிவிடும் என்று நினைத்துக் கோணி ஊசியை எடுத்துவிட்டேன். நல்லவேளை, கடையில் என்னோடு வேலை பார்க்கிற இசக்கிபாண்டி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணாச்சி குத்திராதிய, அதுக்குள்ள இருக்கது காத்து மட்டும் இல்ல, குத்துனா தீயாப் பத்திக்கிடும் என்று கத்தினான். தீப்பெட்டி செய்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான், தீயைக் கையில் வைத்துக்கொண்டு ஊசி தேடியிருக்கிறேன் பார். இப்போது மூன்றையும் கொல்லையில் ஓர் இரும்பு வாளியில் மணல் போட்டு வைத்திருக்கிறோம். பழைய பேட்டரி என்றால் நான் நீ என்று வருகிற இரும்புக்கடைக்காரர்கள் இதைப் பார்த்ததும் வேண்டாம் சாமி என்று போய்விட்டார்கள். உன் அம்மா துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அந்த வாளியைப் பார்த்துவிட்டு, பிள்ள ஒங்ககிட்ட என்னத்தப் பெருசாக் கேட்டுது, பாத்துக்கிடுங்கன்னுதான கேட்டுது என்று ஒரு பாட்டம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.

நீ வருவதற்குள் புதிதாக வாங்கி வைத்துவிடலாம் என்று மதுரைக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் இந்தச் சாமான் எல்லாம் விற்கிறார்கள். உன் பேட்டரியைப் படம் பிடித்துக் கொண்டுபோனேன், அந்த மாடல் வருவது நின்றுபோய்விட்டதாம். வேறு கொடுங்கள் என்றால் கடையில் இருந்த தம்பி கேள்விமேல் கேள்வி கேட்கிறது. ரெண்டு செல்லா மூணு செல்லா, நீளமா குட்டையா, என்ன பிளக் என்று. உன்னுடையதைப் பார்த்து அதற்கெல்லாம் சொல்லிவிட்டேன். அப்புறம் எத்தனை ‘சி’ வேண்டும் என்றது. சி என்றால் என்ன தம்பி என்று கேட்டேன். எவ்வளவு வேகமாகக் கரண்டை அள்ளிக் கொடுக்கும் என்கிற கணக்காம், அந்தக் கையகலப் பேட்டரி இருநூற்றைம்பது ஆம்பியர் கொடுக்கும் என்று லேபிளில் போட்டிருக்கிறது. லாரியை ஸ்டார்ட் பண்ண செல்ஃப் மோட்டார் எடுக்கிற கரண்ட் அம்மா அது! நான் வாயைப் பிளந்ததைப் பார்த்து, லேபிளில் போட்டதில் பாதிதான் அண்ணாச்சி நிசம், அத நம்பி வாங்காதிய என்றது. பெரிய பேட்டரியாகக் கொடு என்றேன். பெரிசு என்றால் எடை கூடும், கார் வளைவில் வெளியே இழுக்கும், அஞ்சு நிமிஷ ரேசுக்கு அவ்வளவு தேவையில்லை, அதுவும் போக ரேஸ் நடத்துகிறவர்கள் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள், அதில் இல்லாத பேட்டரியைப் போட்டால் காரை இறக்கவே விடமாட்டார்கள், உங்க மக எந்த கிளாஸ்ல ஓட்டுறா என்று கேட்டது. கிளாஸ் என்றால் ரேசில் கார் ஓட்டுகிற பிரிவாம். எனக்குத் தெரியவில்லை செண்பகா. நீ எந்த கிளாசில் ஓட்டுகிறாய், வேகம் பிடிக்குமா, வளைவில் நின்று நிதானமாகத் திருப்புவது பிடிக்குமா, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஊரில் எந்த டிராக்டருக்கு எந்த பேட்டரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன், பெற்ற பிள்ளைக்கு ஒன்று வாங்கத் தெரியாமல் அந்தக் கடையில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன். இதற்கு ஆசிட் இல்லை, தண்ணீர் இல்லை, மூடி இல்லை, நான் எதைத் திறந்து எதைப் பார்ப்பது?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பெட்டியில் ஸ்பாஞ்சுக்கு அடியில் நீ ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தாய். நீ போன அன்றைக்கே அதைப் பார்த்தேன், உன் கையெழுத்து என்றும் தெரிந்தது. பேட்டரியைப் பற்றி எனக்கு இவள் எழுதிக் கொடுக்கவேண்டுமாக்கும் என்று பிரிக்காமல் அப்படியே வைத்துவிட்டேன். போன வாரம்தான் பிரித்தேன். ஃபுல்லாக வைக்கக்கூடாது, ஏழு புள்ளி ஆறில் நிறுத்தணும், வெயில் படாமல் வீட்டுக்குள் வைக்கணும் என்று எழுதியிருக்கிறாய். ஏழரை என்றாலே சனி பிடித்துவிட்டதாகப் பயந்து ஓடுகிற ஊரில், ஏழரையை ஒட்டி வைத்தால்தான் அது பிழைத்துக் கிடக்குமாம். அது தெரியாமல் போனதுகூடப் பெரிதில்லை. கடைசியில், மாசம் ஒரு தடவை அளந்து பாத்து எவ்வளவு வருதுன்னு எனக்கு போன்ல சொல்லுங்கப்பா என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். இரண்டு வருஷமாக நீ போன் பண்ணினால் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், எனக்கு வேறு என்ன பேசுவது என்று தெரியாது. நாம் பேசுவதற்கு நீ வழி பண்ணி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். ஒவ்வொரு மாசமும் என் போனுக்காகக் காத்திருந்தாயோ, அப்பா இப்படித்தான் என்று விட்டுவிட்டாயோ, கேட்கவும் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எதை வாங்கவேண்டும் என்று நீயே பார்த்துச் சொல், சொன்னதைச் சொன்னபடி வாங்கி வைக்கிறேன், என் புத்தியை அதில் நுழைக்கமாட்டேன். ரேசுக்கு ஆகாது என்று நீ முடிவு பண்ணினாலும் டிக்கெட்டை மட்டும் மாற்றிவிடாதே. கோபமாக வந்தாலும் வா, திட்டிக்கொண்டே வா, அம்மா கடம்பூர் போளிக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டாள். அம்மன் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல சுகமும் தரவேண்டும், கை நிறைய வேலையும் மனசு நிறைய சந்தோஷமும் தரவேண்டும். குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. அம்மாவுக்கு மாத்திரை விஷயம் சொல்ல மறக்காதே.

என்றும் உன் நினைவாக,
அப்பா
பூவனநாதன்

மூன்றுதான் போயிற்று என்று எழுதினேனே, நாலாவதைச் சொல்லவில்லை. அதன் பிளக்கில் ஒரு கம்பி ஆட்டம் கண்டிருந்ததால் சார்ஜர் அதை முதல் மாசமே ஏற்கவில்லை, செத்த பேட்டரி என்று நான் வீட்டுப் பீரோவுக்குள் போட்டு மறந்துவிட்டேன். நீ வைத்துவிட்டுப் போனபடியே இருக்கிறது, ஒரு உப்பல் இல்லை. நான் கை வைக்காத ஒன்றுதான் பிழைத்திருக்கிறது. காலையில் மீட்டர் முனையை மட்டும் வைத்துப் பார்த்தேன். கார்த்திகை மாதத்துக்கு: ஏழு புள்ளி ஐந்து எட்டு.