ஏரியும் இல்லை, கடலும் இல்லை

9 ஜூன் 2024, ஞாயிறு

பூசை முடிந்ததும் நேராகப் பழைய பாலர் பள்ளிக்குப் போனோம். நான், ஹேமாவதி அக்கா, இன்னும் நாலு பேர். மன்னாரிலிருந்து கடல் தாண்டி வந்த ஒரு குடும்பம் நாளை அங்கே குடிவருகிறது. மண்டபம் கரையில் வந்து இறங்கிப் பல மாதம் ஆகிறதாம். அகதி முகாமில் வீடு கட்டி முடியும்வரை நம் கோயில் பங்கில் தங்கவைக்க ஃபாதர் அனுமதி வாங்கியிருக்கிறார்.

தரையைக் கழுவிவிட்டோம். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாயிற்று. எங்கள் பழைய கேஸ் அடுப்பைக் கொடுத்தேன். கேட்காமல் கொடுத்தாயே என்று என் வீட்டுக்காரர் சுபாஷ் முணுமுணுத்தார். அடுப்பைத் துடைத்து, தூக்கி வந்து வைத்ததும் அவர்தான்.

10 ஜூன்

வந்துவிட்டார்கள். அருள்நேசன், மனைவி ஜெசிந்தா, மகள் நிலானி. மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு பை. அருள்நேசன் உள்ளே போகாமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். ஊரில் மீன்பிடித் தொழிலாம்.

12 ஜூன்

காலையில் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "பாண் கிடைக்குமோ அக்கா" என்றாள் ஜெசிந்தா. விடிந்ததும் பான்பராக்கா என்று திகைத்துப்போனேன். கேட்டால், அவர்கள் ஊரில் ரொட்டிக்கு அதுதான் பெயர். சுபாஷிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

18 ஜூன்

நிலானியை ஏழாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. பழைய பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் முடியாது என்றார்கள். நானும் ஃபாதரும் மத்தியானம்வரை ஆபீஸ் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர்களுக்கே அலுத்துவிட்டது.

30 ஜூன்

ஹேமாவதி அக்கா புடவை கொடுத்து போட்டோ எடுத்தார். பங்கு வாட்ஸ்அப் குரூப்பில் போடவாம். ஜெசிந்தா புடவையை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கேமராவைப் பாருமா" என்று அக்கா மூன்று தரம் சொன்னார். அவள் பார்க்கவே இல்லை. இப்படி எடுக்கத்தான் வேண்டுமா? அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

14 ஜூலை

அருள்நேசன் வேலை கேட்டு வந்தார். அரிசி வருவது சந்தோஷம், ஆனால் எவ்வளவு நாளைக்கு என்றார்.

கடலுக்குப் போக மீனவர் அட்டை வேண்டும். அது அவருக்குக் கிடைக்காது. ஏரியில் எங்கள் ஆட்களே இஷ்டத்துக்கு வலை போட முடியாது. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று பாடு முறை இருக்கிறது. வெளியூர் ஆளுக்குப் பாடு இல்லை. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப மீன் எனக்கு ஆகாது எண்டுதான் சொல்றியள்."

அனுப்பம்பட்டுப் பக்கம் பெயின்ட் அடிக்கிற மேஸ்திரியிடம் ஃபாதர் சொல்லிவிட்டிருக்கிறார். திங்கள் முதல் போகிறார்.

22 ஆகஸ்ட்

சுபாஷ் ஏரியிலிருந்து வரும்போது தோளில் ஒரு வீச்சு வலை. எங்களுடையது இல்லை. யாருடையது என்றேன். கை கால் கழுவிக்கொண்டு வந்துதான் சொன்னார். பசியாவரம் பக்கம் அருள்நேசன் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசியிருக்கிறார். அன்றைக்கு அந்த இடத்தில் பாடு உள்ளவர்கள் சத்தம் போட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். வலையைப் பிடுங்கியது இவர்தான்.

"நான் புடுங்கலைனா அடிச்சிருப்பாங்க திவ்யா. ரெண்டு பேரு கழிய தூக்கிட்டாங்க."

நம்பினேன். முழுசாகவா? தெரியவில்லை.

23 ஆகஸ்ட்

நான் வேலை செய்கிற நண்டுக் கம்பெனி வாசலில் ஜெசிந்தா நின்றிருந்தாள். "வலையைப் பறிச்சது உங்கட வீட்டுக்காரர் எண்டு இவர் எனக்குச் சொல்லேல்ல அக்கா. நிலானிதான் பள்ளிக்கூடத்தில கேட்டுக்கொண்டு வந்தவ." அழவில்லை, கோபமும் இல்லை.

நான் அரிசி கொண்டுபோய் குடுப்பேன், என் வீட்டு ஆளு வலைய புடுங்கினு வருவாரு. இன்னா பொழப்பு இது.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் அருள்நேசனுக்காகப் பேசு என்று சுபாஷிடம் சொன்னேன். "எங்க நைனா காலத்துலயே பாடு பத்தாது. இப்ப நான் இன்னானு பேசறது?" என்றார்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

கூட்டம் நடந்தது. ஏரியின் ஓரத்தில் ஒரு மூலையாவது விடுங்கள் என்று ஃபாதர் கேட்டார். இன்று ஒருவருக்கு விட்டால் நாளை பத்துப் பேர் வருவார்கள் என்றார்கள். அதுவும் பொய் இல்லை. சுபாஷ் கடைசிவரை வாய் திறக்கவில்லை. இனி ஏரியில் இறங்கக் கூடாது, வலையை மட்டும் திருப்பிக் கொடுக்கலாம் என்று முடிந்தது.

வலையை சுபாஷே எடுத்துப்போனார். நானும் கூடப் போனேன். அருள்நேசன் வாங்கிக்கொண்டு, "இருங்கோ" என்றார். ஜெசிந்தா டீ கொடுத்தாள். இரண்டு ஆம்பிளைகளும் வலைக் கண்ணின் அளவைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

2 செப்டம்பர்

அருள்நேசன் வலையை விற்றுவிட்டாராம்.

6 அக்டோபர்

ஊருக்குத் திரும்பப் போக மனு கொடுக்க வேண்டும் என்று அருள்நேசன் ஃபாதரிடம் சொல்லியிருக்கிறார். ஃபாதர் என்னையும் கூட்டிக்கொண்டு பேசப் போனார்.

"பிள்ளைக்குப் பால்மா வாங்கேலாமத்தானே போட் ஏறினனாங்கள். மறந்துபோட்டியளோ?" என்றாள் ஜெசிந்தா. நிலானி இங்கே நன்றாகப் படிக்கிறாள், திரும்பவும் அவளைக் கிளப்ப மாட்டேன் என்று உறுதியாகச் சொன்னாள்.

அருள்நேசன் குரலை உயர்த்தவே இல்லை. "இங்க எல்லாரும் நல்ல ஆக்கள். ஆனா நான் விடிய எழும்பி, ஏரியைப் பாத்துக்கொண்டே, தண்ணியில கால் வைக்காமல் பஸ் ஏறுறன். ஒவ்வொரு நாளும்."

நான் ஜெசிந்தா பக்கம்தான். ஆனாலும் அந்தப் பேச்சு மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

27 நவம்பர்

அருள்நேசன் மட்டும் கிளம்பினார். அனுமதியில்லாமல் போட் ஏறி வந்ததற்கு, அங்கே போனதும் கோர்ட்டு, கேஸ் எல்லாம் இருக்குமாம். தெரிந்துதான் போகிறார். நிலானி பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அவரே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

"இவ்வளவு செஞ்சும் இப்படிப் பண்ணிட்டாரே" என்றார் ஹேமாவதி அக்கா. அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

பொன்னேரி ஸ்டேஷனுக்கு பைக்கில் கொண்டுபோய்விட்டது சுபாஷ். திரும்பி வந்து சொன்னார்: "ரயில் வந்தப்போ என் கைய புடிச்சாரு. பைய நான்தான் ஏத்தி வச்சேன்."

16 டிசம்பர்

ஜெசிந்தா எங்கள் கம்பெனியில் சேர்ந்தாள். நண்டு பிரிக்கிற வேலை. கை வேகம். மழையில் ஷெட் ஒழுகுகிறது.

19 ஜனவரி 2025

முகாம் வீடு தயாராம். நிலானியின் பரீட்சை முடியும்வரை இங்கேயே இருக்கிறேன் என்று ஜெசிந்தா கேட்டுக்கொண்டாள். ஃபாதர் சரியென்றார்.

9 மார்ச், ஞாயிறு

ஜெசிந்தாவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் அருள்நேசன் என் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார். பூசைக்குப் பிறகு அம்மாவும் பிள்ளையும் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். கேஸ் அபராதத்தோடு முடிந்ததாம். தம்பியின் போட்டில் போகிறாராம். "வாடை விட்டிட்டுது. கடல் படுத்துக் கிடக்குது. நேற்றுப் பாரை மீன் பட்டது, ரெண்டு கூடை." குரலே வேறு மாதிரி இருந்தது. இங்கே இருந்தபோது அவர் இவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை. பின்னால் இன்ஜின் சத்தம்.

நிலானி இன்னொரு தரம் போடச் சொன்னாள். அந்தத் தரம் ஜெசிந்தா போனைக் காதருகே எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு சுபாஷ் போனை வாங்கித் தனியாக ஒரு தரம் கேட்டார். "எந்த வலைனு கேளு" என்றார். கேட்டு அனுப்பினேன்.

11 மார்ச்

நண்டு பிரித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள் ஜெசிந்தா. "முழுப் பரீட்சை எப்ப முடியும் அக்கா? அதுக்குப் பிறகு டி.சி. கேட்டா உடன குடுப்பினமோ?"

ஏப்ரல் கடைசியில் முடியும், கேட்டால் கொடுப்பார்கள் என்றேன்.

ஊருக்கு, அப்பாவிடம் திரும்பிப் போவதை நிலானியிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். இல்லையாம். பிள்ளை நல்லபடியாக எழுதட்டும் என்றாள்.