பெரியவனுக்கான பிடி

அன்புள்ள பெரியவன் அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியில் யாராவது வைத்துவிடுகிறோம், இல்லையென்றால் கப்பலில் சிக்னல் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். ஏஜென்ட் ஆபீசில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்கு வந்துவிடுமாம்.

உங்கள் அக்கா சொன்னது உண்மைதான். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தபோது பெரியவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து என்மேல் விழுந்தான். அடிக்க வரவில்லை. சத்தத்துக்குத் தப்பி ஓடினவனின் வழியில் நான் நின்றிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் பதினேழு வயதில் அவன் உங்களைவிட அரைத் தலை உயரம். அந்தப் பாரம் முழுவதும் என் நெஞ்சில் கிடந்தது. மூச்சை வெளியே விட முடிந்தது, உள்ளே இழுக்க முடியவில்லை. விலா எலும்பில் கீறல் என்றார் டாக்டர். பல நாள் சிரித்தால் வலித்தது. சிரிக்கும்படி பெரிதாக ஒன்றும் நடக்காததால் சமாளித்துவிட்டேன்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவன் எழுந்து சின்னவள் பக்கம் போயிருந்தால், தரையில் கிடந்த நான் என்ன செய்திருப்பேன் என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை.

விலா ஆறியதும், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகும் வழியில் டயர் கடை மாடியிலுள்ள மல்யுத்தக் கூடத்துக்கு ஏறிப்போனேன். காலையில் பெண்களுக்கு வகுப்பு. சொல்லித் தருகிறவளை எல்லோரும் கோச்சக்கா என்கிறார்கள். என்னைவிட இளையவள்தான். தரையில் உருண்டு உருண்டு காது இரண்டும் பிசைந்த மாவு மாதிரி ஆகிவிட்டன. நாப்பத்தி மூணு வயசுல எதுக்குக்கா இது என்று கேட்டாள். யாரையும் அடிக்க இல்ல, என் பையனப் பிடிச்சு வைக்கணும், அவனுக்கு வலிக்கவும் கூடாது என்றேன். என் மணிக்கட்டு இரண்டையும் பிடித்துப் பார்த்தாள். அது அடிக்கிறதவிடக் கஷ்டம், கை சீக்கிரம் ஓஞ்சு போகும், முதல்ல மூச்சையும் காலையும் தேத்தணும் என்றாள்.

முதல் நாள் ஒரு குட்டிக்கரணத்துக்கே கண் இருட்டி வாந்தி எடுத்தேன். பிறகு மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, சுவருக்குச் சுவர் நாலு காலில் தவழ்வது, கம்பியில் துண்டைப் போட்டுத் தொங்குவது என்று போனது. கடையில் லென்ஸ் தேய்க்கும்போது விரல் மடங்கவில்லை. ஒரு லென்ஸ் கைநழுவிப் போனபோது முதலாளி லென்ஸைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். பஸ் ஓட்டும் பெண் ஒருத்தி எனக்கு ஜோடி. நல்ல கனம். அவள் என் நெஞ்சின்மேல் படுத்தாலே சமையலறைத் தரை ஞாபகம் வந்து, விட்டுவிடு என்று கை தானாகத் தரையில் தட்டிவிடும். தட்டினால் விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். வீட்டில் அந்தச் சட்டம் செல்லாதே. கையால் தள்ளாமல் ஒருக்களித்துத் திரும்பி, இடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிட்டால் மூச்சுக்கு இடம் கிடைக்கும் என்பது மண்டையில் ஏறவே மாதக்கணக்கானது. இன்னொன்றையும் கோச்சக்கா திரும்பத் திரும்பச் சொல்வாள். பையனக் குப்புறப் போட்டு முதுகுல ஏறாதீங்க, கழுத்துகிட்ட கை போகவே கூடாது.

போன ஞாயிறு மத்தியானம் நடந்ததை உங்கள் அக்கா தன் போக்கில் சொல்லியிருப்பார். நானும் சொல்கிறேன்.

ஊருக்கு வெளியே, இவனைப் போன்ற பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் அந்த இல்லத்தைப் பெரியவனோடு போய்ப் பார்த்துவரலாம் என்று வந்திருந்தார். நீங்கள் சொல்லித்தான் என்றார். அவன் சட்டை போட்டுக்கொண்டு சமத்தாக உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் மேல் வீட்டில் சுவரில் துளை போடும் மெஷினை ஓட்டினார்கள். அவன் எழுந்து பால்கனிக்கு ஓடி இரும்புக் கிராதியில் தலையை மோதத் தொடங்கினான். சின்னவள் தடுக்கப் போனாள். அவள் பின்னல் அவன் கையில் சிக்கிக்கொண்டது. ஒவ்வொரு மோதலுக்கும் அவள் தலையும் கிராதியை நோக்கிப் போனது. அவளுக்குக் கத்தக்கூட வரவில்லை.

இழுக்காதே, அவன் கையை உன் தலையோட சேர்த்து அழுத்திக்கோ என்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். இழுக்கவில்லை, சும்மா என் பாரத்தைக் கீழே விட்டேன். அவன் என் மடியில் சரிந்தான், ஒருக்களித்து உருண்டோம். அந்தச் சரிவில் அவன் விரல்கள் பிரிந்தன. சின்னவள் தவழ்ந்து அறைக்குள் போய்விட்டாள். என் கால்கள் அவன் தொடைகளைப் பின்னிக்கொண்டன. கைகளை அவன் மார்பின் குறுக்கே கோத்துக்கொண்டேன், இறுக்காமல். பின்மண்டையால் மோதினான். முகத்தை அவன் முதுகில் புதைப்பதற்குள் என் உதடு கிழிந்துவிட்டது.

உங்கள் அக்கா போலீசைக் கூப்பிடட்டுமா என்று வாசலில் நின்றபடியே கேட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. அண்ணி, மேல போய் அந்த மெஷின நிறுத்தச் சொல்லுங்க என்றேன். செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

சத்தம் நின்ற பிறகும் அவன் நிற்கவில்லை. என் முன்கை மரத்துப்போனது. கோத்த விரல்கள் ஒவ்வொன்றாக நழுவுவது தெரிந்தது. கால் பிடி மட்டும் நழுவவில்லை. வேறு எதுவும் செய்ய முடியாததால் மூச்சை மெதுவாக விட்டேன், என் வயிறு அவன் முதுகில் ஏறி இறங்கும்படி. எவ்வளவு நேரமென்று தெரியாது. ஒரு கட்டத்தில் அவன் மூச்சும் என்னோடு சேர்ந்துகொண்டது. பிறகு அம்மா, கனம் என்றான். காலை எடுத்துவிட்டேன். எழுந்து உட்கார்ந்து, என் உதட்டில் ரத்தத்தைப் பார்த்து, தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டான். நெற்றியில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, பயமில்லை. சின்னவள் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டாள். அழகாகத்தான் இருக்கிறது. இரவில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தூங்குகிறாள்.

உங்கள் அக்கா அன்று இல்லத்துக்குப் போகலாம் என்று மறுபடி வாயெடுக்கவில்லை. ஆனால் போகும்போது, நீங்கள் கப்பல் ஒப்பந்தத்தை இன்னொரு முறை நீட்டித்திருப்பதாக வாய்தவறிச் சொல்லிவிட்டார். காரணம் கேட்டு இதை எழுதவில்லை. நீங்கள் கடைசியாக வந்திருந்தபோது அவன் உங்கள் கையைக் கடித்ததும், அதன் பிறகு லீவு முடியும்வரை நீங்கள் ஹாலில் விளக்கைப் போட்டுக்கொண்டே படுத்ததும் எனக்குத் தெரியும். எனக்கும் பயம்தான். தினமும் காலையில் அந்தப் பயத்தோடுதான் டயர் கடை மாடி ஏறுகிறேன்.

நடந்ததைக் கோச்சக்காவிடம் சொன்னபோது அவள் பாராட்டவில்லை. இந்தத் தடவை ஜெயிச்சிட்டீங்க, அவன் இன்னும் வளருவான், நீங்க வளர மாட்டீங்க, காலைப் பிடிக்க இன்னொரு ஆள் வேணும்க்கா என்றாள். பஸ் ஓட்டும் பெண் நான் வர்றேன் என்றாள். நல்ல மனசு. ஆனால் அவனுக்கு அவளைத் தெரியாது. தெரியாத கை பட்டால் இன்னும் மிரளுவான்.

சின்னவளை விட்டால், அவனுக்குத் தெரிந்த கைகள் இந்த உலகத்தில் இரண்டு ஜோடிதான். ஒரு ஜோடி கடலில் இருக்கிறது.

எஞ்சின் அறை ஏணியில் ஏறி இறங்கும்போது மூச்சு வாங்குகிறதென்று போன தடவை சொன்னீர்கள். படுக்கையிலேயே மல்லாந்து கால்களை மடக்கி, இடுப்பைத் தூக்கி இறக்கிப் பாருங்கள். முதலில் முதுகு பிடித்துக்கொள்ளும், விடாதீர்கள். துண்டைக் கம்பியில் போட்டுத் தொங்குங்கள். கூட இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். பிறகு ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியுமா என்று கேப்டனிடம் கேளுங்கள்.

கடலும் காற்றும் உங்களுக்கு அனுகூலமாக இருக்கட்டும். உடம்பைத் தேற்றிக்கொண்டு சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அம்மா