அனித்தாவுக்கு இறக்கம்

அன்பான மாமா,

பிறர் வாயால் கேட்டு நீங்கள் அங்கே தலைகுனிவதற்கு முன்னர் நானே சொல்லிவிடுகிறேன். போன கிழமை மன்னாரில் என்னைப் பிள்ளை பிடிகாரன் என்று பிடித்துவிட்டார்கள். பட்டப்பகலில், சின்னப் பிள்ளைகள் படிக்கிற ஒரு நேசறியின் வேலியடியில், சேட்டுக் கொலரில். பிடித்தவர் மீன் விற்கிற ஓர் அக்கா. அவருடைய கை மணம் அந்தச் சேட்டில் இன்னும் இருக்கிறது. உங்கள் மகள் மலர் இரண்டு தரம் தோய்த்துப் பார்த்துவிட்டாள்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். நீங்கள் போய்ச் சில மாதங்களில் அவளுக்கு முசலிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இடமாற்றம் வந்தது. யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு, மன்னார் ரவுணில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். காற்று அடிக்கிற அடியில் என் தலையில் மிச்சமிருந்த முடிக்கும் ஆபத்து. மற்றப்படி நல்ல ஊர்.

பெரியவன் ஜெரோமுக்குப் பள்ளிக்கூடம் எடுப்பதுதான் பெரிய பாடு என்று நினைத்திருந்தேன். பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், தேர்ச்சி அறிக்கை எல்லாவற்றையும் உறையில் போட்டுக்கொண்டு போனேன். அதிபர் உறையைத் தொடவே இல்லை. பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். "பந்தடிக்கிறது எந்தக் கால் தம்பி?" என்றார். இடக்கால் என்றான். "நாளைக்கே வரச் சொல்லுங்கோ." முடிந்தது அலுவல். இந்த ஊரில் இடக்கால் என்பது ஒரு பட்டம்.

சின்னவள் அனித்தாதான் சிக்கல். நீங்கள் இருந்தவரைக்கும் அவளுக்கு நேசறியும் நீங்கள்தான், ஆயாவும் நீங்கள்தான். இப்போது ஆளில்லை. இந்த மாதத்துக்குள் பிள்ளைக்கு ஒரு இடம் கிடைக்காவிட்டால் தான் வேலையை விட்டுவிடப் போவதாக மலர் சொன்னாள். சண்டை பிடித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். அவளை நேர்ஸ் படிப்புக்கு நீங்கள் சைக்கிளில் ஏற்றி இறக்கிய கதையை எத்தனை தரம் கேட்டவன் நான்?

வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் தேடினேன். ஒரு அன்ரி சம்மதித்தா. தேத்தண்ணி தந்து, எந்த ஊர், எந்தக் கோயில் பங்கு, தாயின் தாய் எந்த ஊர் என்று விசாரிக்கத் தொடங்கினா. எங்கேயோ ஒரு கலியாணத்தில் சுற்றி வளைத்து, நாங்கள் சொந்தம் என்று கண்டுபிடித்தா. கட்டிப்பிடித்தா. பிறகு வேலையை விட்டா. "சொந்தத்துக்குள்ள காசு வாங்கேலாது தம்பி. சும்மா பாக்கவும் எனக்கு ஏலாது." அதற்குப் பிறகு நான் போகிற இடங்களில் மலருடைய ஊரைச் சொல்வதே இல்லை.

சில நாள் நானே மோட்டார் சைக்கிளில் முன்னுக்கு இருத்திக் கூட்டிக்கொண்டு திரிந்தேன். காப்புறுதி விற்கிறவனுக்குப் பிள்ளை ஒரு நல்ல விளம்பரம் என்ற கள்ள எண்ணமும் இருந்தது. பாப்பாமோட்டையில் வயல் செய்கிற ஒரு கமக்காரருக்கு எல்லாம் விளங்கப்படுத்தினேன், மனுசன் கையெழுத்து வைக்கப் பேனையை எடுத்துவிட்டார். இவள் அவருடைய முழங்காலில் தட்டி, "ஐயா, மிச்சக் காசை மறக்காமக் கேட்டு வாங்குங்கோ. தரமாட்டினம்" என்றாள். பேனை கீழே போயிற்று. இது யார் படிப்பித்த பாடம் மாமா? உங்கள் பஸ் கண்டக்டர் கதைகள்தானே?

கடைசியில் ரீற்றா ரீச்சருடைய நேசறி கிடைத்தது. வீட்டு முற்றத்தில் தகரக் கொட்டில், சின்னச் சின்னக் கதிரைகள், வேலிக்கு வெளியே கழுதைகள். பிள்ளை பழகினால் பின்னேரமும் தன்னோடேயே வைத்திருப்பதாகவும், பழகாவிட்டால் தன்னைக் குறை சொல்லக்கூடாது என்றும் ரீச்சர் முதலே சொல்லிவிட்டார்.

முதல் நாளே கவிழ்ந்தது. எங்கள் வீட்டில் ஒண்டுக்குப் போவதற்கு என்ன சொல்லுவோம்? "இறக்கம்." நீங்கள் கண்டக்டர், அவள் பயணி. அவசரம் வந்தால் "இறக்கம்" என்பாள், நீங்கள் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவீர்கள், பஸ் நிற்கும், தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். வருஷக்கணக்காக இதைக் கேட்டுக் கேட்டு, இது பஸ்ஸில் இறங்கவேண்டியவர்கள் மட்டும் சத்தம் போட்டுச் சொல்கிற சொல் என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று. ஒரு வாடிக்கையாளர் வீட்டில் நானே எழும்பி "இறக்கம்" என்றிருக்கிறேன். அந்த மனுசன் பாவம், என்னை ரோட்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டுப் போனார்.

அனித்தா எழும்பி நின்று "இறக்கம்" என்றிருக்கிறாள். ரீச்சருக்கும் பஸ் தெரியும்தானே? விளையாடுகிறாள் என்று நினைத்து, "ஹோல்ற் இன்னும் வரேல்லைப் பிள்ளை, இருங்கோ" என்றிருக்கிறார். இவள் சட்டத்தை மதிக்கிற பயணி. இருந்துவிட்டாள். பிறகு நடந்ததைக் கதிரைதான் சொல்லவேண்டும்.

மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அடுத்த நாள் நேசறி வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகமாட்டேன் என்று நின்றாள். ரீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒண்டுக்குக் கேக்கத் தெரியாத பிள்ளையை நான் என்னெண்டு வைச்சிருக்கிறது? பழக்கிப்போட்டு அடுத்த வருசம் கொண்டு வாங்கோ."

அடுத்த வருஷம்! மலருடைய வேலை அதற்குள் போய்விடும். "அவள் கேட்டவள், ரீச்சர். வடிவாத்தான் கேட்டவள்" என்று தொடங்கி, உங்களையும் கதவில் தட்டுகிற இரண்டு தட்டையும் படலையடியில் நின்று நடித்துக் காட்டினேன். ரீச்சர் சிரிக்கவில்லை. அனித்தாவுக்கு முன்னால் குந்தியிருந்து, "பிள்ளையின்ர அம்மப்பா இப்ப எங்க?" என்று கேட்டார்.

"அவர் எங்களுக்கு முந்தின ஹோல்ற்றில இறங்கீட்டார்" என்றாள் அனித்தா.

ரீச்சர் அவளைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

வேலைக்குப் போகவேண்டிய நான் எங்கே போனேன்? சுற்றிக்கொண்டு பின்வேலிக்குப் போனேன். எனக்குப் பக்கத்தில் இரண்டு கழுதைகளும் அதே வேலிக்கு மேலால்தான் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன. மன்னாரில் கழுதை எங்கே நின்றாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். நான் நின்றதுதான் பிழை. பின்னால் சைக்கிள் ஒன்று நின்ற சத்தம் கேட்டது, கொலர் இறுகியது.

"ஆரையா நீர்? உமக்கு இஞ்ச என்ன வேலை?"

"என்ர பிள்ளை உள்ளுக்கு இருக்கிறா அக்கா."

"எது?"

எல்லாரும் ஒரே நீலச் சட்டை. எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். "அதில ஒண்டு" என்றேன். பிடி இன்னும் இறுகியது.

அந்த நேரம் பார்த்து ஒரு நீலச் சட்டை எழும்பியது. சத்தமே வராத மாதிரி ஒரு சத்தத்தில் "இறக்கம்" என்றது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அதில் பாதிக்குக் கொலரும் காரணம். ரீச்சர் கோடு போடுகிற அடிமட்டத்தை எடுத்து மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். "வழி விடுங்கோ, வழி விடுங்கோ. ஒராள் இறக்கம்." அவ்வளவு பிள்ளைகளும் காலை மடக்கி ஒதுங்கினார்கள். நடுவால் உங்கள் பேத்தி ராணி மாதிரி நடந்து போனாள். அவள் திரும்பி வருவதற்குள் கொட்டில் முழுக்க "எனக்கும் இறக்கம்", "ரீச்சர், எனக்கும்."

நான் அழுதுவிட்டேன் மாமா. மீன் அக்கா பயந்துபோய்ப் பிடியைத் தளர்த்திவிட்டா. ரீச்சர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து, "அவரை விடுங்கோ அக்கா. பிள்ளை பழகீடும். தேப்பன்தான் இன்னும் பழகேல்லை" என்றார். அன்று மத்தியானம் கூட்டிக்கொண்டு வரப் போனபோது, இனிப் பின்னேரமும் அங்கேயே நிற்கட்டும், மலரை டியூட்டிக்குப் போகச் சொல்லுங்கோ என்று சொல்லி அனுப்பினார்.

இப்போது உங்கள் மகள் விடிய முசலி பஸ்ஸில் ஏறிப் போகிறாள். உங்கள் பேத்தி நேசறிக் கதிரைகளை வரிசையாக வைத்து, "முசலி, கொண்டச்சி, கொண்டச்சி! பின்னுக்குப் போங்கோ, பின்னுக்கு இடம் கிடக்கு" என்று ஊரை எழுப்புகிறாள். பஸ்ஸில் ஒரே ஒரு பிள்ளை இருந்தாலும் அவன் பின்னுக்குத்தான் போகவேண்டும். அவளுடைய அம்மப்பா பெரிய கண்டக்டர் என்று ரீச்சர் மற்றத் தாய்மாருக்கெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.

சொல்லும் பரவிவிட்டது. போன ஞாயிறு பூசையில், நீண்ட பிரசங்கத்துக்கு நடுவில், ஒரு மூலையிலிருந்து ஒரு பிள்ளை "இறக்கம்" என்றது. உடனே மற்ற மூலையிலிருந்து இன்னொன்று. பாதர் நிமிர்ந்து பார்த்தார், மணிக்கூட்டையும் பார்த்தார், "ஆமென்" சொல்லி முடித்துவிட்டார். வெளியே வந்த சனம் அனித்தாவுக்கு ரொபி வாங்கிக் கொடுத்தது.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். ஓடுகிற பஸ்ஸில் குதிக்கக்கூடாது, "இறக்கம்" என்று சொல்லி, நின்ற பிறகுதான் இறங்கவேண்டும் என்று பிள்ளைக்குப் படிப்பித்தவர் நீங்கள். அன்று விடிய ஏன் ஒரு சத்தமும் போடாமல் இறங்கினீர்கள்? நாங்கள் நிற்பாட்டியிருக்கமாட்டோமா?

சரி, விடுங்கோ. உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உங்களுக்கு அனுப்ப வேறு விலாசம் இல்லாமல் இந்தக் கடிதத்தைப் பேப்பரில் போடுகிறேனே என்று பயப்பட வேண்டாம். ரீச்சர் பேப்பர் பார்ப்பதில்லை, பேத்தி எழுத்துக் கூட்டப் பழகுவதற்குள் மீன் அக்கா இதில் மீன் சுற்றி விற்று முடித்திருப்பா. நீங்கள் பஸ்ஸில் வேலை செய்தது ஒரே ஒரு கிழமை, ஏழு நாள்தான் என்பதையும், பஸ் ஆடினால் குமட்டிச் சத்தி வருகிறது என்று அதை விட்டுவிட்டு, ஓய்வு பெறும்வரைக்கும் தபால் கந்தோரில் ஆடாத கதிரை ஒன்றில் இருந்தீர்கள் என்பதையும் ரீச்சருக்கும் பேத்திக்கும் என் வாயால் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

பின்னுக்கு இடமிருக்கிறது என்று நீங்கள் குடும்பத்துக்குள் ஏற்றிய மருமகன்,
அன்ரன்